சுளகில் ஒதுக்கிய காட்டவரை

பாப்பா,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. போன மாதம் நீ வந்து போனதிலிருந்து எனக்கு எதிலும் தெம்பு இல்லை. முழங்கால் இரண்டும் படியேறும்போது கெஞ்சுகின்றன, அது வயதால் வந்தது. மனசு தளர்ந்தது வயதால் இல்லை. தலவாக்கலைக்குப் போய் கொமினிகேஷன் கடையில் நின்று மூன்று தரம் உனக்குப் போன் போட்டு இதைச் சொல்லப் பார்த்தேன். பின்னால் நாலு பேர் காத்து நிற்கிறார்கள், காதில் நீ "என்னம்மா, சொல்லுங்க" என்கிறாய், நான் "சாப்பிட்டியா, அங்க குளிருதா" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புவேன். உன் மேல் பழி விழுந்தது தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக்காரர்கள் எல்லார் முன்னாலும். அது தீருவது மட்டும் ஏன் மூடின உறைக்குள் நடக்க வேண்டும்? வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் நடந்ததை நீ சின்ன விஷயம் என்று நினைத்திருப்பாய். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற பாக்கியம் தன் மூத்த மகளின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வெளிநாட்டுக்குப் படிக்கப் போற கை, ஒருக்கா தூக்கிட்டுப் போ தாயி" என்று உன்னிடம் நீட்டினாள். நீ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய். "சளி புடிச்சிருக்கு அத்த" என்று ஒரு பொய். அவள் முகம் சுருங்கிப் போனாள். உள்ளே வந்து நான் உன்னைத் திட்டினேன், "ஏன்டி, அவ என்னா நெனப்பா?" என்று. நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எனக்குப் புள்ளைங்களே வேணாம்மா. என் கைய நான் நம்பல. மணிக்கு நடந்தது இன்னொரு தடவ நடக்கக் கூடாது." மணி, பாக்கியத்தின் கடைசி மகன். இரண்டரை வயதில் செத்துப்போனவன். பதின்மூன்று வருஷமாக அவனைக் கொன்றது நீதான் என்று நினைத்துக்கொண்டு திரிகிறாய். நீ கல்யாணம் பண்ணுவதும் பண்ணாததும், பிள்ளை பெறுவதும் பெறாததும் உன் இஷ்டம், அதில் நான் வாய் வைக்க மாட்டேன். ஆனால் ஒரு பொய்யை நம்பி நீ அதையெல்லாம் விட்டுவிடக் கூடாது. அந்தப் பொய் என்னுடையது.

நான் பிள்ளைக் காம்பிராவில் ஆயம்மாவாக இருந்த காலம் உனக்கு நன்றாக நினைவிருக்கும். காலைப் பெரட்டில் பேர் பதிந்து தேயிலை மலைக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடுவார்கள். பதினைந்து பிள்ளைகள் வரும், இருபதும் வரும். பிஸ்கட்டும் மாக்கஞ்சியும்தான் சாப்பாடு. கொழுந்துக் கூடையை மாட்டி மாட்டி என் தோள் இறங்கிப்போன பிறகு கிடைத்த வேலை அது. உன் அப்பா போன பிறகு எனக்கு வேறு பிடிமானம் இல்லை. அது போயிருந்தால் உன் பள்ளிக்கூடமும் போயிருக்கும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் வாயை எது கட்டிப்போட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆடி மாதம். மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. பிள்ளைகளின் சத்துணவைப் பார்க்க யாரோ பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா முதல் நாள் வந்து சொன்னார். "மாக்கஞ்சியெல்லாம் காட்டாத. போஞ்சி விதை, பயறு ஏதாச்சும் அவிச்சு வை. அப்புறம், சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு, வர்றவங்க இருக்கையில பொகை வந்துச்சுன்னா பாத்துக்க" என்றார். விதைக்கு எங்கே போவது? நம்முடைய லயத்துக்குப் பின்னால் குச்சி ஊன்றி விட்டிருந்த சிவப்புப் போஞ்சிக் கொடியில் நெற்றுகள் முற்றிக் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த உன்னைத்தான் அனுப்பினேன். "பை நெறையாம வராத" என்று சொன்னதும் நான்தான். உனக்குப் பதினோரு வயது. கொடியில் இருந்தது பையில் பாதிக்கும் வரவில்லை. நீ ஓடைப் பக்கம் இறங்கி, அங்கே முள்முருக்கு மரத்தில் ஏறிக் கிடந்த காட்டுக் கொடியிலிருந்தும் நெற்றுகளைப் பறித்துப் பையை நிறைத்துக்கொண்டு வந்தாய். நனைந்த சட்டையோடு வந்து பையைத் தூக்கிக் காட்டினாய். "கெட்டிக்காரி" என்றேன்.

இனிமேல் சொல்வதைத்தான் நீ இரண்டு தரம் படிக்க வேண்டும். நீ பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் நான் நெற்றையெல்லாம் உரித்துச் சுளகில் கொட்டினேன். கொட்டினதுமே தெரிந்துவிட்டது. நம்முடைய போஞ்சி விதை தடித்தது, சிறுநீரக வடிவம், ஒரே சிவப்பு, துடைத்து வைத்த மாதிரி மினுங்கும். மற்றது சின்னது, தட்டை, கறுப்பும் புள்ளியுமாக இருந்தது. அதன் கண்ணிலிருந்து விசிறி விரித்த மாதிரிக் கோடுகள் ஓடும். எனக்கு அந்தக் காட்டவரை முன்பே பழக்கம். வேலை நிறுத்தம் நடந்த ஒரு வருஷம் அரிசி இல்லாமல் அதை அவித்துப் பார்த்து, கசப்புத் தாங்காமல் கொட்டினவள் நான். அதனால் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒன்று ஒன்றாகப் பொறுக்கி ஒதுக்கினேன். ஒதுக்கினதை அடுப்பில் போட்டேன், படபடவென்று வெடித்தது. மறுபடியும் ஒருமுறை சுளகைச் சாய்த்துப் பார்த்தேன். சிவப்பு மட்டும்தான் இருந்தது. அதைத்தான் ஊறப் போட்டேன். நீ பறித்த காட்டவரையில் ஒரு விதைகூடப் பானைக்குள் போகவில்லை, பாப்பா. ஒன்றுகூடப் போகவில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அவ்வளவு தூரம் நனைந்து பறித்து வந்த பிள்ளையின் மனசு கோணும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். என்ன பிரயோசனம்?

மறுநாள் காலையில் நீ பள்ளிக்கூடம் போனாய். நான் பிள்ளைக் காம்பிராவில் அடுப்பு மூட்டினேன். விறகு என்று இருந்தது கவ்வாத்து மிளாறு, தேயிலைச் செடியை வெட்டிச் சாய்த்த குச்சிகள், அதுவும் ஈரம். ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. பானையில் தண்ணீர் சுட்டு, ஓரத்தில் முத்து முத்தாகக் கிளம்புகிற நேரம், "வாறாங்க, வாறாங்க" என்று ஆள் ஓடி வந்தது. நான் நெருப்பை இழுத்துப் போட்டு அணைத்தேன். நம் பக்கத்தில் விறகு பஞ்சமான நாட்களில் சோற்றை எப்படி ஆக்குவோம் என்று உனக்குத் தெரியும்: ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடியை இறுக்கி, பானையைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டு மலைக்குப் போனால், வந்து பார்க்கையில் சோறு வெந்திருக்கும். அதே மாதிரிதான் போஞ்சிப் பானையையும் சாக்கில் சுற்றித் தொட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். வருகிறேன் என்றவர்கள் துரை பங்களாவில் டீ குடித்துவிட்டுச் சாவகாசமாகத்தான் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், தொட்டிலைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். பானையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். சூடு இருந்தது, விரலில் நசுக்கினால் நசுங்கியது, பல்லில் மட்டும் கொஞ்சம் கடுக்கென்றது. திரும்ப அடுப்பு மூட்டியிருக்கலாம். பிள்ளைகள் பசியில் கத்துகின்றன, விறகு ஈரம், எனக்கும் அலுத்துப் போயிருந்தது. அலுப்புத்தான், வேறென்ன. உப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு மத்தால் மசித்து, கடிபடுவது தெரியாமல் பண்ணி ஊட்டினேன். மணி காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் வாய் திறந்து சாப்பாடு கேட்டான். "ஆயா, இன்னும்" என்றான். எனக்குச் சந்தோஷம். மற்றப் பிள்ளைகளைவிட அவனுக்குத்தான் அதிகம் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை, மிச்சம் இல்லை.

பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வாந்தி எடுத்தன. மலையிலிருந்து தாய்மார் கூடையோடு ஓடி வந்தார்கள். தோட்டத்து மருந்தய்யா வந்து, என்ன கொடுத்தாய் என்று கேட்டார். போஞ்சி என்றேன். எங்கே பறித்தது என்று கேட்டார். அந்த நேரம்தான் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நின்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய், "ஓடக் கொடியிலயும் பறிச்சேன்" என்று. பொய் தெரியாத பிள்ளை. அவர் ஓடைக்கு இறங்கிப் போய் ஒரு நெற்றைக் கொண்டுவந்து உடைத்துப் பார்த்தார். "காட்டவர. அதான்" என்றார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. மற்றப் பிள்ளைகள் பொழுது சாய்வதற்குள் தெளிந்து எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டன. காய்ச்சலில் காய்ந்துபோயிருந்த மணிக்கு மட்டும் நிற்கவில்லை. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பாக்கியத்தின் மடியில் அடங்கிவிட்டான்.

நான் ஏன் பேசவில்லை? அன்றைக்கே சுளகில் ஒதுக்கினதைச் சொல்லியிருந்தால், அப்புறம் பானையில் என்னதான் இருந்தது என்று என்னைக் கேட்டிருப்பார்கள். வேலை போகும், பொலிஸ் வரும். பதினோரு வயதுப் பிள்ளை தெரியாமல் பறித்தது என்றால் யார் மேலும் வழக்கு இல்லை. இதை நான் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். மருந்தய்யா "அதான்" என்று சொன்ன அந்த நொடியிலேயே யோசித்தேன். உன்னை நான் முன்னால் நிறுத்தி, பின்னால் ஒளிந்துகொண்டேன். பாக்கியம் காரியம் முடிந்த மறுநாள் வந்து உன் தலையைத் தடவி, "சின்னப்புள்ள, தெரியாம பறிச்சிருச்சு, அத யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று லயத்துக்கே கேட்கச் சொன்னாள். நீ அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் சுவரோடு சுவராக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு தாயா, சீ!

எனக்குள்ளே ஒரு சமாதானம் வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கண் தப்பி ஒன்றிரண்டு காட்டவரை பானைக்குள் போயிருக்கும், அப்படியென்றால் மருந்தய்யா சொன்னது சரிதான் என்று. தப்பியிருக்காது என்று தெரியும். இருந்தாலும் அப்படியே நினைத்துப் பழகிக்கொண்டேன். நீ பேராதனைக்குப் படிக்கப் போனாய். எத்தனையோ பாடம் இருக்க, நீ அவரைக் குடும்பத்தைத்தான் பிடித்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாதா? லீவில் வரும்போதெல்லாம் பூவைக் கீறிக் காட்டுவாய். போஞ்சிப் பூவுக்குள்ளே அடியிலிருக்கிற படகிதழ் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டு கிடக்கும், நாட்டு அவரைப் பூவில் அது சுருளாமல் மடங்கி நிற்கும், அதனால் இரண்டும் வேறு இனம் என்பாய். தேயிலைக்கு நிழல் தருகிற முள்முருக்கும் அவரைக் குடும்பம்தான் என்றபோது நான் சிரித்தேன், "அப்ப நாங்க அவரத் தோட்டத்துலயா இத்தன காலம் கொழுந்து பறிச்சோம்?" என்று. காட்டுக் கொடியின் நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையை வீசிவிடும், மனுஷன் வளர்த்த போஞ்சி மட்டும் கைக்காகக் காத்துக் கிடக்கும், அதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்றும் சொல்லித் தந்தாய். படிப்பைச் சொல்லும்போது உன் முகம் தெளியும். அதைப் பார்ப்பதற்காகவே புரியாததற்கும் தலையாட்டினேன்.

இரண்டாம் வருஷ லீவில் நீ ஓடைக்கு இறங்கினாய். மணி செத்ததும் ஆட்கள் வெட்டிப் போட்ட கொடி வேரிலிருந்து திரும்பக் கிளம்பியிருந்தது. பூவும் இலையும் நெற்றுமாகப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி எடுத்துப் போய் உன் ஆசிரியர்களிடம் காட்டிவிட்டு வந்தாய். போஞ்சிக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டுமே கடல் தாண்டி வந்தவை, இந்தக் கொடி யாரோ ஒரு காலத்தில் தோட்டத்தில் நட்டு, பிறகு கவனிப்பாரில்லாமல் ஓடிக் காடானது என்றாய். வெள்ளை விதைக் கொடி சாப்பாட்டுக்கு ஆகும், கறுப்பிலும் புள்ளியிலும் நஞ்சு அதிகம் என்றாய். "அப்ப நான் பறிச்சது நஞ்சுதாம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய். பாப்பா, கொடியைப் பற்றி நீ கண்டுபிடித்தது சரி. அதில் நஞ்சு இருந்ததும் சரி. பானைக்குள்தான் அது இல்லை. அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பாவம் அதற்கு அடுத்த வருஷம். நான் சிவப்புப் போஞ்சியை ஒரு கொதியில் இறக்கிச் சாக்கில் சுற்றுவதை நீ பார்த்தாய். "ஐயோ, சோத்துக்கு வேணும்னா அப்புடி வைங்க, செவப்புப் போஞ்சிக்கு வைக்காதீங்கம்மா. தளதளன்னு நல்லாக் கொதிக்கணும். கொதிக்காம சூட்டுலயே கெடந்தா அதுல இருக்குற நஞ்சு போகாது, பச்சையா தின்னுறத விட மோசமாகும். வாந்தி எடுத்தே ஆள் விழுந்துரும்" என்றாய். சொல்லிவிட்டு நீ தலை வார உட்கார்ந்துவிட்டாய். உனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சாக்குப் பானையைப் பற்றி உனக்குத் தெரியாது. கண் தப்பின விதை ஒன்றும் இல்லை, காட்டவரை இல்லை, நம் வீட்டுப் போஞ்சிதான், நான் தண்ணீர் ஊற்றி வளர்த்ததுதான், நான் அரைவேக்காட்டில் இறக்கி மசித்து ஊட்டினதுதான். மணி செத்தது என் கையால். அன்றைக்கு முழு உண்மையும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், தப்புப் பண்ணினவள் சொல்வதாக எடுத்துக்கொள். நீ இனி உலகத்து அவரை விதையெல்லாம் குளிரறையில் வைத்திருக்கிற இடத்துக்குப் போகிறாய். எத்தனையோ விதைக்குப் பெயர் எழுதி ஒட்டுவாய். காடு என்று எழுதியிருப்பதையெல்லாம் கெட்டது என்றும் வீடு என்று எழுதியிருப்பதையெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதே. யார் எங்கே பறித்தார்கள் என்று மட்டும் கேட்காதே, யார் அவித்தார்கள், எப்படி அவித்தார்கள் என்றும் கேள். அன்றைக்கு ஒரே ஒரு ஆள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் உன் பதின்மூன்று வருஷம் வீணாகியிருக்காது. படிப்பு பிடித்திருந்தால் படி. தண்டனையாக நினைத்துப் படிக்காதே. நீ என்னை வெறுக்கலாம், போகும் முன் வந்து பார்க்காமலும் போகலாம். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் எழுதுகிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் முதலில் பாக்கியத்திடம்தான் போனேன். செத்தது அவள் பிள்ளை, அவளிடம் சொல்வதுதான் முறை என்று நினைத்தேன். அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சுளகு, மிளாறு, சாக்கு, இன்னும் என்று அவன் கேட்டது, எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிழிந்த துணியையே மறுபடியும் முறுக்கிப் பிழிந்தாள்.

"ஆசப்பட்டுத் தின்னானா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "ஒம் மவளுக்குச் சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல. மொதல்ல ஒங்கிட்ட..."

"எங்கிட்ட என்னாடி மொதல்ல?" என்று கத்தினாள். லயமே எட்டிப் பார்த்தது. "எம் மவன் போய்ட்டான். நீ இன்னைக்குச் சொன்னாலும் நாளைக்குச் சொன்னாலும் அவன் வரமாட்டான். அங்க ஒண்ணு உசுரோட கெடந்து வேகுது. அதுக்குச் சொல்லுடி மொதல்ல. போ, என் மூஞ்சில முழிக்காத, போய்ச் சொல்லு."

வந்து உட்கார்ந்து எழுதிவிட்டேன், பாப்பா. நீ யாரையும் கொல்லவில்லை.

அம்மா